பயனாளியும் அல்ல, குற்றவாளியும் அல்ல

ஏப்ரல் 7

2015ஆம் ஆண்டு இதே தேதியில், திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் போன மலையாளிப் பழங்குடியினர் அவர்களில் கணிசமாக இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லும் கோடாரியுமாகத் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. துப்பாக்கிச் சூடு இரண்டு இடங்களில் நடந்தது. காவலர் ஒருவர்கூடச் சாகவில்லை. உடன் வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வாக்குமூலம் அளித்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்த வழக்கில் தண்டனை பெற்ற காவலர் எவரும் இல்லை.

ஆண்டுதோறும் இந்த நாள் வரும்போது இரண்டு குரல்கள் கேட்கின்றன. மரம் வெட்டப் போனவனுக்கு என்ன அனுதாபம் என்பது ஒன்று. பாவம், வேலையில்லாமல்தானே போனார்கள், ஏதாவது திட்டம் கொண்டுவந்து கொடுங்கள் என்பது மற்றொன்று. முதல் குரல் மலைவாசியைக் குற்றவாளியாகப் பார்க்கிறது, இரண்டாவது பயனாளியாகப் பார்க்கிறது. இரண்டாவதில் இரக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தன் காட்டின் மேலும் தன் உயிரின் மேலும் சட்டப்படி உரிமை கொண்ட குடிமகனை இரண்டுமே காண்பதில்லை. ஜவ்வாது மலையின் பிரச்சினை அடிப்படையில் குடியுரிமைப் பிரச்சினை. அதை வறுமைப் பிரச்சினையாக மட்டும் சுருக்கியதால்தான் தீர்வுகள் மலையடிவாரத்திலேயே நின்றுவிடுகின்றன. அடுத்த சில நாட்களுக்கு இந்த எண்ணத்தை எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

ஏப்ரல் 9

முதல் குரலின் எதிர்ப்புக்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். செம்மரம் சாதாரண மரமல்ல. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென் ஆந்திரப் பகுதியில், கடப்பை, சித்தூர், நெல்லூர் சுற்றுவட்டாரத்தில்தான் அது இயற்கையாக விளைகிறது. கிழக்காசியச் சந்தையின் ஆசைக்கு அது அழிந்துகொண்டிருக்கிறது என்பது உண்மை. 2013 டிசம்பரில் அதே சேஷாசலத்தில் இரண்டு வனத்துறை அலுவலர்கள் கொல்லப்பட்டதும் உண்மை. அவர்களுக்கும் குடும்பங்கள் உண்டு. காட்டைக் காக்கப் போனவர்களின் உயிரைப் பேசாமல் வெட்டப் போனவர்களின் உயிரை மட்டும் பேசுவது நியாயமாகாது. ஆனால் இந்த வாதம் எதுவரை செல்லும்? குற்றம் நடந்தது, ஆகவே கைது செய்யலாம், வழக்கு நடத்தலாம், தண்டிக்கலாம் என்பது வரை செல்லும். விசாரணையில்லாமல் கொல்லலாம் என்ற இடத்துக்கு அது போய்ச் சேராது. சேஷாசலத்துக்கு ஏழு மாதம் முன்பு, 2014 செப்டம்பரில், மக்கள் சிவில் உரிமைக் கழகத்துக்கும் மகாராஷ்டிர அரசுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்திருந்தது. காவல்துறையின் துப்பாக்கியால் மரணம் நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், வேறு காவல் நிலையமோ குற்றப் புலனாய்வுத் துறையோ விசாரிக்க வேண்டும், நடுவர் விசாரணை நடக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. சேஷாசலத்தில் கொலை வழக்கு பதிவு செய்யவைக்கவே கணவனை இழந்த ஒரு பெண் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

மரத்தைக் காக்கும் நோக்கில் பார்த்தாலும் இந்த வழி பயனற்றது. செம்மர வணிகத்தின் ஒரு முனையில் கட்டையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன் இருக்கிறான். அவனுக்குக் கீழே பணம் போடுகிறவன், வண்டி ஓட்டுகிறவன், ஊர் ஊராக ஆள் பிடிக்கும் தரகன். கடைசியில் கோடாரியோடு மலையேறுகிறவன். கடைசி ஆளைச் சுட்டால் தரகன் அடுத்த மலையில் இன்னொரு ஆளைத் தேடுவான், அவ்வளவுதான். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழ்த் தொழிலாளர்களின் உடல்கள் மிதந்தன. 20 பேரைக் கொன்றது மூன்று ஆண்டுகளில் அந்தப் பாதையை மூடவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஏப்ரல் 13

வழக்கு, இயக்கம் என்று பேசுவோரை நோக்கி வரும் அடுத்த கேள்வி: மலைவாசி அரசை எதிர்த்து வென்றதுண்டா? உண்டு. சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்தான். அங்கே பழி சந்தன மரத்தின் பேரில் வந்தது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அந்த ஊரைக் கைவிடாமல் நின்றது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோன 54 பேர் தவிர மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றவே இந்த எளிய மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்ற கருத்தையும் நீதிபதி வேல்முருகன் பதிவு செய்தார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

அரசியல் கட்சி சார்ந்த சங்கங்களும் நகரத்து வழக்கறிஞர்களும் மலையில் பிரச்சினையைக் கிளறுகிறார்கள் என்று சொல்வோர் வாச்சாத்தியை மீண்டும் படிக்க வேண்டும். சங்கமும் வழக்கறிஞர்களும் வழக்கைச் சுமந்தார்கள். அது நின்றது அந்த ஊர்ப் பெண்கள் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியத்தின் மேல். ஆனால் இந்த வெற்றிக்கு முதல் தீர்ப்பு வரை 19 ஆண்டுகள், மேல்முறையீடு முடிய 31 ஆண்டுகள் ஆயின. சேஷாசலத்தில் நிலைமை இன்னும் கடினம். சம்பவம் நடந்தது வேறு மாநிலத்தில், சாட்சிகள் பல மலைகளில் சிதறிக் கிடப்பவர்கள், விசாரணைக்கு எல்லை தாண்டிப் போக அஞ்சுபவர்கள். கொடுமை நடந்த பிறகு நீதி கேட்பதை மட்டும் குடியுரிமைப் போராட்டம் என்று கொண்டால் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். கொடுமைக்கு முந்தைய கட்டத்திலேயே கேட்க வேண்டிய உரிமை ஒன்று இருக்கிறது.

ஏப்ரல் 18

அந்த உரிமை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் பட்டா நிலம் வைத்திருப்போர் பலர் உண்டு. ஆனால் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் காப்புக்காடு என்று எல்லைக் கல் நட்டபோது கல்லுக்கு அந்தப்பக்கம் போன சாமைக் காடும் மேய்ச்சல் இடமும் புளியும் கடுக்காயும் தேனும் யாருடையவை என்ற கேள்வி அப்படியே நின்றது. வெள்ளையர் காலத்து அந்த வரலாற்று அநீதியைத் திருத்துவதற்காகவே வந்ததாக 2006ஆம் ஆண்டுச் சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து பழங்குடியினர் உழுதுவரும் வனநிலத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை, சிறுவன மகசூலின் மேல் உடைமை, ஊரார் வழிவழியாகக் காத்துவந்த காட்டை அவர்களே நிர்வகிக்கும் சமூக உரிமை ஆகியவை அதில் உள்ளன. கோரிக்கையைத் தொடங்கிவைக்கும் அதிகாரம் கிராம சபைக்கு. பெரியவர்களின் வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு ஆகியவையும் சான்றாகும். கோரிக்கையைச் சரிபார்த்து முடிக்கும் வரை எவரையும் வெளியேற்றக் கூடாது.

இந்தச் சட்டம் தமிழ்நாட்டில் என்ன ஆனது? 2008 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், உரிமைப் பத்திரம் கொடுப்பதற்கு முன் தன் அனுமதி பெற வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் பத்திரங்கள் மக்கள் கைக்கு வரத் தொடங்கின. வேறு மாநிலங்களில் லட்சக்கணக்கான குடும்பங்கள் பத்திரம் பெற்ற அந்த எட்டு ஆண்டுகளில், இங்கே தயாரான பத்திரங்கள்கூட அலுவலகங்களில் கிடந்தன. சேஷாசலம் நடந்தது அந்த எட்டு ஆண்டுகளுக்குள். பத்திரம் இருந்திருந்தால் அந்த 20 பேரும் பேருந்து ஏறியிருக்க மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் தன் காட்டில் விறகு பொறுக்கும்போதே பிடிபடுவோமோ என்று பயந்து வளர்ந்தவனுக்கு, பக்கத்து மாநிலக் காட்டில் கூலிக்கு மரம் வெட்டுவது வேறு வகைக் குற்றமாகத் தோன்றாது. எல்லாக் காடும் அவனுக்கு அந்நியர் சொத்தாகிவிட்டது. தரகனுக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட ஆள்தான்.

ஏப்ரல் 22

உரிமை கொடுத்தால் காடு அழிந்துவிடும் என்பது சுற்றுச்சூழல் ஆர்வலர்களிடமிருந்து வரும் எதிர்ப்பு. காட்டின் மேல் அக்கறை கொண்டவர்களின் கேள்வி என்பதால் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு காலத்தில் ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கு அதைச் சார்ந்தே வளர்ந்தது. அந்தச் சந்தனம் போன காலத்தில் காடு முழுவதும் அரசின் பிடியில்தான் இருந்தது. பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரம்கூட நெடுங்காலம் அரசுச் சொத்தாகவே இருந்தது. தன் வரப்பில் நிற்கும் மரம் தனக்குச் சேராது, அதனால் தொல்லை மட்டுமே வரும் என்றால் எந்த உழவன் அதை வளர்ப்பான்? வன உரிமைச் சட்டமோ உரிமை பெற்றவருக்கும் கிராம சபைக்கும் காட்டையும் நீர்நிலையையும் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே தருகிறது. அந்த நிலத்தை விற்க முடியாது, வாரிசுகளுக்கு மட்டுமே போகும்.

சாலை விஷயத்திலும் இதே கதைதான். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போய்ச் சேருமுன் இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, உடலைத் தாய் கையில் ஏந்தி நடந்தார். காப்புக்காடு குறுக்கே நிற்கிறது, சாலை போட அனுமதியில்லை என்ற விளக்கம் இம்மாதிரி ஊர்களில் வழக்கமாகக் கேட்பது. ஆனால் பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால் ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தரலாம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்று அதே சட்டத்தின் 3(2) பிரிவு சொல்கிறது. மூன்று மீட்டர் அகலப் பாதை என்றால் ஒரு ஹெக்டேரில் சுமார் 3.3 கிலோமீட்டர் வரும். அதற்கு மேல் நீளும் சாலைக்கு வேறு அனுமதி தேவை, உண்மைதான். ஆனால் பல குக்கிராமங்களுக்குத் தேவைப்படும் தூரம் இந்த எல்லைக்குள் அடங்கும். சலுகையாகக் கேட்டால் மனு மேசை மேசையாக நகரும்; கிராம சபைத் தீர்மானமாகப் போனால் மறுப்பவர் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 27

கடைசியாக ஓர் எதிர்ப்பு. மலை மாறிக்கொண்டுதானே இருக்கிறது, ஜமுனாமரத்தூர் வட்டத் தலைநகராகிவிட்டது, சாமைக்கு உழவர் நிறுவனம் வந்துவிட்டது, 2024இல் ஜவ்வாது மலைப் பெண் ஒருவர் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார், இன்னும் ஏன் உரிமை உரிமை என்று பேச வேண்டும் என்கிறார்கள். இவை எல்லாம் மகிழத்தக்கவை. ஆயினும் திட்டம் ஓர் ஆட்சியில் வரும், அடுத்த ஆட்சியில் பெயர் மாறும் அல்லது நின்றுபோகும். பட்டியலில் பெயர் சேர்ப்பவரின் தயவு அதில் எப்போதும் உண்டு. உரிமைப் பத்திரத்தை அப்படித் திரும்பப் பெற முடியாது. கல்வியால் மேலேறும் ஒருவர் தன் திறமையால் ஏறுகிறார். மலையிலேயே இருந்து சாமை விதைக்கப்போகும் ஆயிரம் பேருக்கு அந்தத் திறமை பதிலாகாது.

தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. பழங்குடிப் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டத்தின் பாதுகாப்பு இந்த மலைக்குக் கிடையாது. ஆகவே கையில் இருக்கும் வலுவான கருவி வன உரிமைச் சட்டத்தின் கிராம சபைதான். மே 1 அன்று மாநிலமெங்கும் கிராம சபை கூடும். மலையின் ஊராட்சிகளில் அன்று பேச வேண்டியவை என்று நான் கருதுபவை மூன்று. வன உரிமைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினரும் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்கிறார்களா என்று பார்ப்பது. நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்தில் காரணம் கேட்டு மேல்முறையீடு செய்வது. தனிநபர் பத்திரத்தோடு நின்றுவிடாமல் ஊருக்கான சமூக வன உரிமையைக் கோருவது. நலத்திட்டப் பயனாளிகளின் பெயரை வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கும் கூட்டமாக அது முடிந்தால் தரகர்களுக்கு ஆள் கிடைப்பது நிற்காது. இந்த மூன்றும் தீர்மானப் புத்தகத்தில் ஏறினால், அதிகாரிகள் பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்விகளாக அவை மாறும்.