தலைப்புத் தேடிய மகள்

எங்கள் மகள் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறாள். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கொடுக்க இரண்டு வாரங்களே இருந்தன. அவளது தோழியர் அனைவரும் செயற்கை நுண்ணறிவு என்றே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவளும் 'செயற்கை நுண்ணறிவும் கல்வியும்' என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். அது தலைப்பல்ல, ஒரு கடல் என்றேன்.

சொன்னவன் அத்தோடு நின்றிருக்கலாம். "அரபுத் தமிழ்க் கிதாபுகள் எல்லாவற்றையும் கம்பியூட்டர் வாசிக்கும்படி செய்யுங்க மகள்" என்று அதைவிடப் பெரிய கடலொன்றைக் காட்டிவிட்டேன். மௌலவி வாப்பாவின் ஆசை அது. என் உம்மாவிடம் அப்படியொரு பழைய அச்சு நூல் இருக்கிறது. அவருக்குப் பின் எங்கள் வீட்டில் அதைத் தடையின்றி வாசிக்க ஆளில்லை.

சகோதரிகள் பலர் தம் மூத்தம்மாவின் கையில் இவ்வெழுத்தைக் கண்டிருப்பீர்கள். மொழி தமிழ், எழுத்து அரபு. ட, ள, ழ போன்ற ஓசைகளுக்கு அரபியில் எழுத்தில்லாததால், இருக்கும் எழுத்துக்களில் புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் புதியன அமைத்தார்கள். அரபுப் பத்திரிகைகளில் ஹரகத் இடுவதில்லை. அரபுத் தமிழில் அது இல்லாவிட்டால் சொல்லே பிடிபடாது.

மகள் ஒரு பக்கத்தைப் போனில் படமெடுத்து, டெஸரக்ட் என்ற மென்பொருளிடம் கொடுத்தாள். 1985இல் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தில் தொடங்கப்பட்டு, 2005இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது அது. அரபும் அறியும், தமிழும் அறியும். ஆனால் இரண்டும் கலந்த இந்தப் பக்கத்தில் மேலதிகப் புள்ளிகளைத் தவறவிட்டு, ஹரகத்துக்களையும் குழப்பி, எந்த மொழியிலும் சேராத ஒன்றைத் தந்தது.

"வாப்பா, எல்லாக் கிதாபும் ஏலா" என்றாள். ஆய்வை வழிநடத்தும் விரிவுரையாளர் அவளிடம் கேட்டிருக்கிறார்: பக்கங்கள் கையில் உண்டா? அவற்றின் சரியான வாசிப்பு யாரிடம் உண்டு? ஆறு மாதத்தில் முடியுமா? ஒவ்வொரு கேள்விக்கும் தலைப்பு சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் நின்றது இதுதான்: ஒரேயொரு அச்சு நூலில், அந்த மேலதிக எழுத்துக்களைக் கணினி எந்தளவு சரியாக இனங்காணும்? அறுபது பக்கங்களைக் காட்டிப் பயிற்றுவது. அது காணாத பத்துப் பக்கங்களில் சோதிப்பது. கற்பித்த பக்கத்தையே பரீட்சையிலும் கொடுத்தால் அது கள்ளப் புள்ளி என்றாள்.

எனக்குச் சற்று ஏமாற்றந்தான். இருபது வருடங்களாக அரபு கற்பிக்கும் நான், சரியான வாசிப்பை நானே தருகிறேன் என்று முன்வந்தேன். முதல் பக்கத்திலேயே சிக்கினேன். எழுத்து தெரிந்தது, பழைய தமிழ்ச் சொல் தெரியவில்லை. அடுப்படியிலிருந்த உம்மா, என் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே அங்கிருந்து திருத்தினார். அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர்.

அன்றுமுதல் அஸருக்குப் பிறகு உம்மா வாசிக்க, மகள் வரி வரியாகத் தட்டச்சுச் செய்கிறாள். உம்மாவின் கண்ணில் புரை விழுந்திருப்பதால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் தாண்டுவதில்லை. இந்த வேகத்தில் முடியுமா என்று மகள் கலண்டரைப் பார்க்கிறாள். நான் உம்மாவின் முகத்தைப் பார்க்கிறேன்.

சென்ற வாரம் இருவருக்கும் தர்க்கம். ஓரிடத்தில் அச்சுக்காரர் ஒரு புள்ளியை விட்டுவிட்டார். அச்சில் உள்ளபடியே மகள் பதிந்தாள்.

"என்னத்துக்கு மகள் பிழைய எழுதுறாய்?"

"கம்பியூட்டருக்குத் தாள்ல இருக்கிறதத்தான் காட்டணும் மூத்தம்மா. இல்லாத புள்ளிய இருக்கென்று சொன்னா அது குழம்பிப் போகும்."

உம்மா ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் நூலைத் திறந்தால், அந்த எழுத்தின் கீழ் பென்சிலால் ஒரு புள்ளி. நல்ல வேளை, படமெல்லாம் முதலே எடுத்தாயிற்று.