மேசைமேல் மாயாவி

கண்ணுக்குப் புலப்படாத ஒருவனைப் பொம்மையாகச் செய்து, நால்வர் சூழ்ந்து நிற்கும் மேசைமேல் நிறுத்துவது எங்ஙனம்? சென்ற கோடை விடுமுறையில் நம் மும்பை இல்லத்தில் எழுந்த வினா இது. எழுப்பியவன் பதினொரு வயதுப் பேரன். விடை காண அவனுக்கும் நமக்குமாக மூன்று வாரங்கள் சென்றன. அம்முயற்சியைச் சங்கத்து நேயர்களுக்கு எடுத்துரைத்தால், பிள்ளைகள் உள்ள வீட்டார்க்கேனும் சிறிது பயன்படலாம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

இவ்வகை ஆட்டத்தை அறியாதார்க்கு ஒரு சில சொற்கள். கட்டைவிரல் உயரமே உள்ள பொம்மைகளை இரு கட்சியாகப் பிரித்து, மேசைமேல் அட்டையால் வீடும் தெருவும் அமைத்து ஆடுவது இது. பெரும்பாலும் சதுரங்கத்தைப் போலக் கட்டங்கள் இரா. அளவு நாடாவால் அங்குலம் அளந்து பொம்மையை நகர்த்துவர். அடி விழுந்ததா, தவறியதா என்பதைப் பகடை சொல்லும். சிறுவர் விளையாட்டுத்தானே என்று தள்ளிவிட வேண்டா. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் இதற்கென்றே 'லிட்டில் வார்ஸ்' என்னும் விதிநூல் ஒன்றை வெளியிட்டார். காலாள் ஒரு முறைக்கு ஓரடி நகரலாம். குதிரை வீரன் இரண்டடி நகரலாம். விசைப் பீரங்கியால் மரத்துண்டு எய்து எதிரியின் பொம்மையை உண்மையாகவே வீழ்த்த வேண்டும். அதே வெல்ஸ்தான் 1897-இல் கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் பற்றிய புகழ்பெற்ற நாவலையும் எழுதியவர். மறைந்த மனிதனையும் பொம்மைப் போரையும் ஒருங்கே சேர்க்க அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று நாம் பலமுறை வியந்ததுண்டு.

அமெரிக்கச் சித்திரக்கதை வீரர்கள் பின்னர் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தனர். 2002-இல் விஸ்கிட்ஸ் என்னும் நிறுவனம் வெளியிட்ட 'ஹீரோகிளிக்ஸ்' ஆட்டத்தில் ஒவ்வொரு பொம்மையின் அடித்தட்டிலும் சுழலும் வட்டு ஒன்று உண்டு. அடிபடுந்தோறும் அதைத் திருப்பினால் வேகம், தாக்குதல், தற்காப்பு, சேதம் என்னும் நான்கு எண்களும் மாறும். காயம்பட்டவன் தளர்வதையும், சிலர் காயம்பட்ட பின்னரே வெகுண்டு எழுவதையும் கதை சொல்லாமல் எண்ணே சொல்லிவிடும். நல்ல சூழ்ச்சி என்றே சொல்ல வேண்டும்.

நம் அடுக்குமாடிக் கட்டடத்துப் பிள்ளைகள் நால்வர் தாமே விதிகள் வகுத்து ஆடுகின்றனர். கடையில் வாங்கிய ஸ்பைடர்மேனும் பேட்மேனும் அலுத்துப்போயின. ஆளுக்கொரு வீரனைத் தாமே சமைத்துக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஒருவன் இந்திச் சித்திரக்கதை நாகராஜைத் தேர்ந்தான். மற்றொருவன் தன் தந்தை தூர்தர்ஷனில் கண்டு களித்த சக்திமானைத் தேர்ந்தான். பேரன் நம்மிடம் ஓடி வந்தான்.

"தாத்தா, நம்ம ஊர் ஹீரோ யாரு?"

சாத்தூரில் பத்து வயதில் நாம் பெற்ற விடையையே அவனுக்கும் அளித்தோம். இரும்புக்கை மாயாவி!

நேயர்களுள் ஐம்பது வயதைக் கடந்தோர் பலர் இந்நேரம் முறுவலித்திருப்பர். ஆனால் மாயாவி நம் ஊரில் பிறந்தவன் அல்லன். 1962-இல் லண்டனில் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழில் பிறந்தான். அவனுக்கு உருவம் கொடுத்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவனைத் தமிழில் பேசவைத்தது. பிழைக்க வந்த ஊரில் நிலைத்துவிட்டவனை அவ்வூரான் என்று சொல்லக் கூடாதென்றால், நாற்பதாண்டுகளாக இந்நகரில் வாழும் நம் கதி என்னாவது? ஆகவே அவன் நம் ஊரானே என்று பேரனிடம் அறுதியிட்டுச் சொன்னோம்.

பேரனுக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டத் தெரியாது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராட்டியும் பயில்கிறான். பரணிலிருந்து பழைய புத்தகங்கள் சிலவற்றை இறக்கி, பிற்பகல்தோறும் நாம் உரக்கப் படித்தோம். மாயாவியால் இயல்வது யாது, இயலாதது யாது என்று அவன் தன் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டான். கதையில் இல்லாத ஒன்றையும் சேர்க்கலாகாது என்பது நிபந்தனை.

முதற்பட்டியல் நீண்டது. மறைதல், எஃகு விரலிலிருந்து சுடுதல், மின்சாரம் பாய்ச்சுதல், சுவரை உடைத்தல். ஒவ்வோர் ஆற்றலுக்கும் பிள்ளைகள் விலை வைத்திருந்தனர். ஒரு வீரனுக்கு நூறு புள்ளிகளுக்கு மேல் செலவிடக் கூடாது. கூட்டிப் பார்த்தால் நூற்றறுபது! பேரன் முகம் வாடிற்று. சிலவற்றை அடித்துவிடலாம் என்றான். அடிக்க வேண்டா, அவன் குறைகளையும் எழுது என்றோம். இது நம் கண்டுபிடிப்பன்று. 1981-இல் அமெரிக்காவில் வந்த 'சாம்பியன்ஸ்' என்னும் ஆட்டத்திலேயே, ஒரு வீரனுக்குக் குறைகளை ஏற்றுக்கொண்டால் ஆற்றல் வாங்கப் புள்ளி கிடைக்கும் என்ற வழக்கம் உண்டு. பிள்ளைகளும் அதற்கு இசைந்தனர்.

குறைகளுக்குப் பஞ்சமா? ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன் லூயிஸ் கிராண்டெல். மீண்டும் ஒரு விபத்தில் உயரழுத்த மின்சாரம் பாய, உடல் முழுதும் மறைந்து கை மட்டும் தெரிகிறது. மின்சாரத்தின் விளைவு சிறிது நேரமே நிற்கும். மறுபடி மறைய மறுபடி மின்சாரம் வேண்டும். அதுமட்டுமோ? முதற்கதையில் அவன் நல்லவனே அல்லன். மறையும் ஆற்றல் கிடைத்ததும் மனம் திரிந்து குற்றவழியில் இறங்குகிறான். பின்னரே நீதியின் பக்கம் சேர்கிறான்.

எந்த மாயாவியை மேசைக்குக் கொண்டுவருவது என்பதில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் வழக்கு வந்தது. திருந்திய பின் உள்ள துப்பறிவாளனே வேண்டும் என்றோம் நாம். கெட்டவனாகவும் ஆகக்கூடியவன்தான் சுவையானவன் என்றான் அவன். 1984-இல் வெளிவந்த 'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்' ஆட்டத்தில் 'கர்மா' என்றே ஒரு கணக்கு உண்டு. நற்செயலுக்குச் சேரும், வீரன் கொலை புரிந்தால் முழுதும் அழியும். அதைப் பின்பற்றலாமே என்று எடுத்துச் சொன்னோம். (கர்மம் இத்தனை எளிதில் கணக்குத் தீர்ந்துவிடுமா என்று நம் பாட்டி கேட்டிருப்பார்.) பேரன் சொன்ன வழி அதனினும் நன்று. மாயாவி மின்சாரம் ஏற்றும்போதெல்லாம் ஒரு பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் அச்சுற்றில் அவனை எதிரி ஆட்டுவிப்பான். வலிமை தரும் மின்சாரமே மதியையும் கெடுக்கட்டும் என்பது அவன் வாதம். ஒப்புக்கொண்டோம்.

இனி மறைதல். மறைந்தவன் இருக்குமிடத்தைத் தனித்தாளில் எழுதிவைப்பது ஒரு முறை. 1983-இல் வந்த 'ஸ்காட்லாண்ட் யார்டு' ஆட்டத்தில் ஓடி ஒளியும் குற்றவாளி அவ்வாறே தன் வழியை எழுதி மறைத்து, குறிப்பிட்ட சில நகர்த்தல்களில் மட்டும் வெளிப்படுவான். ஆனால் மாயாவி முற்றும் மறைபவன் அல்லனே! கை தெரிய வேண்டும். இரண்டு நாள் யோசித்தபின் பேரன் இரண்டு பொம்மைகள் செய்யலாம் என்றான். ஒன்று முழு மனிதன். மற்றொன்று வெறும் அடித்தட்டின்மேல் நட்ட கம்பி, அதன் நுனியில் கை மட்டும். மறைந்தவுடன் முன்னதை எடுத்துவிட்டுப் பின்னதை வைக்க வேண்டும். ஆறங்குலத்துக்கு அப்பாலிருந்து அக்கையை எவரும் குறிவைக்கலாகாது. அதற்குள் வந்தால் கண்டுகொள்ளலாம்.

பழைய போர்வீரன் பொம்மை ஒன்றின் வலக்கையை அறுத்துவிட்டு, குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்-சீல் பசையால் புதிய கை பிடித்தோம். விரல்கள் நம் முதிய கண்ணுக்கு வசப்படவில்லை; குண்டூசி முனையால் அவற்றைப் பிரித்தவன் பேரனே. எஃகு நிறத்துக்கு மகளின் வெள்ளி நகப்பூச்சு உதவிற்று. அவளிடம் கேட்டுத்தான் எடுத்தோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். தீக்குச்சி மின்கம்பங்கள் ஆறும் அட்டை மின்மாற்றி ஒன்றும் மேசையேறின. மூன்று சுற்றுக்கு ஒருமுறை அவற்றுள் ஒன்றைத் தொடாவிடில் மாயாவி வெளிப்பட்டுவிடுவான். இரு பகடையிலும் ஒன்று விழுந்தால் மின்வெட்டு என்னும் விதி நம்முடையது. சாத்தூரில் வளர்ந்தவனுக்கு அது தோன்றாமலிருக்குமா? பேரன் நினைவிலுள்ள பெரிய மின்வெட்டோ, 2020 அக்டோபர் 12-ஆம் நாள் மும்பை முழுதும் மின்சாரம் நின்றதே, அது ஒன்றுதான்.

ஞாயிறன்று மாயாவி களம் புகுந்தான். வரவேற்பு நன்றாயில்லை. "இந்த ஆளை யாருக்குத் தெரியும்? சினிமா இருக்கிறதா? கடையில் பொம்மை விற்கிறதா?" என்று இந்தியில் கேட்டான் சக்திமானின் சொந்தக்காரன். பேரன் நம்மைத் திரும்பிப் பார்த்தான். நாம் வாய் திறக்கவில்லை. அது அவன் மன்றம். அவன் ஒன்றும் பேசாமல் பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்து, கை மட்டும் தனியே கதவைத் திறக்கும் படத்தைக் காட்டினான். தமிழறியா மூன்று தலைகள் அதன்மேல் கவிந்தன. சிறிது நேரம் அரவமே இல்லை. பிறகு ஒருவன், "அடுத்த பக்கத்தில் என்ன?" என்றான். ஆட்டம் அரைமணி தாமதமாகவே தொடங்கிற்று. பேரன் மூன்று மொழிகளில் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆட்டத்தில் மாயாவி தோற்றான். நாகராஜை மின்மாற்றியின் அருகே காவல் நிறுத்திவிட்டான் எதிரி. கடைசிச் சுற்றில் கம்பமொன்றைத் தொட்டு உருட்டினால், விழுந்தது ஒன்று. தன் கட்சிக்காரனையே தன் கையால் அடித்துவிட்டு வெளிப்பட்டு நின்றான். பிள்ளைகள் கூச்சலிட்ட கூச்சலில் கீழ்வீட்டார் மேலே வந்துவிட்டனர்.

அடுத்த வாரம் மராட்டியப் பையன் மாயாவியைத் தனக்கு ஒரு நாள் இரவல் கேட்டான். அவன் வாயில் மாயாவிக்கு 'லோகண்டி ஹாத்' என்று பெயர். இப்போது நால்வரும் அப்படியே அழைக்கின்றனர். மழைக்காலம் தொடங்கியதும் அவன் புது ஐயம் ஒன்றைக் கிளப்பினான்: மழையில் நனைந்தால் அந்தக் கை துருப்பிடிக்குமா, பிடித்தால் எத்தனை புள்ளி குறைக்க வேண்டும்? கதையில் உள்ளபடியே தீர்ப்புச் சொல்வதாகப் பேரன் வாக்களித்திருக்கிறான். படிக்க இன்னும் நான்கு புத்தகங்கள் மீதமுள்ளன.