மைனஸ் பதினைந்தில் ஒரு மிதி

மார்கழிக்கே மஃப்ளர் சுற்றுகிற பரம்பரை சார், நாங்க! அப்பேர்ப்பட்ட என்னை ஃபின்லாந்தில் ஔலு என்கிற ஊரில், மைனஸ் 15 டிகிரியில் சைக்கிள் மிதிக்க வைத்துவிட்டாள் என் அக்கா பெண். வயசு ஒன்பது.

2013-ல் முதல் குளிர்கால சைக்கிள் மாநாடே அந்த ஊரில்தான் நடந்ததாம். ஜனவரியில் காலை எட்டு மணிக்குக் கும்மிருட்டு. விளக்கு வெளிச்சத்தில், இறுகிப்போன பனிப் பாதையில் பொடிசுகள் சாரிசாரியாக ஸ்கூலுக்கு மிதிக்கின்றன.

"புள்ளைய இப்படி அனுப்புறியே, எங்கயாவது விழுந்து வச்சா?" என்று முதல் நாள் ராத்திரி அக்காவோடு பெரிய சண்டை. "நீயே கூடப் போய்ப் பாரேன்" என்றாள். போனேன்.

குட்டியின் டயர் முழுக்கச் சின்னச் சின்ன ஆணிகள். ஐஸைக் கவ்விப் பிடிக்குமாம். எனக்கு வாய்த்த அத்தானின் பழைய சைக்கிளில் அது கிடையாது. மூன்று ஸ்வெட்டர் வேறு. உள்ளே வியர்வை ஆறு, வெளியே மூக்கு நுனி இருக்கா, போச்சா தெரியவில்லை. ஒரு வளைவில் பழக்கதோஷத்தில் முன் பிரேக்கை அமுக்கினேன். சைக்கிள் ஒரு பக்கம், பி.காம். பட்டதாரி ஒரு பக்கம்.

"வளையறதுக்கு முன்னாடியே ஸ்லோ பண்ணணும் மாமா." குட்டி இறங்கி, என் முதுகுப் பனியைத் தட்டிவிட்டு, ஸ்கூல் வரை தானும் உருட்டிக்கொண்டே நடந்தாள். பெல் அடித்து வெகுநேரமாகியிருந்தது.

அன்றைக்கு ராத்திரி அக்கா வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்:

"அம்மா, மாமாவைத் தனியா சைக்கிள்ல அனுப்பாதே. எங்கயாவது விழுந்து வச்சா?"