திருத்தக் குறிப்பு

சென்னைத் துறைமுகத்தின் வடபுறத்தை ஒட்டி இராயபுரம் அமைந்துள்ளது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி 1856-ஆம் ஆண்டில் புறப்பட்டது அங்கிருந்துதான். அங்கிருந்து கடலை வலப்புறமாகக் கொண்டு வடக்கே செல்லும் சாலை, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைக் கடந்து, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை நீள்கிறது. ஒருபுறம் அலை, மறுபுறம் ஆலை. இடையே கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். பொறிகளோடு பழகாத குடும்பம் அப்பகுதியில் அரிது. ஒரு வீட்டில் தந்தை ஆலையில் பொருத்துநராக இருப்பார். அடுத்த வீட்டில் மகன் படகின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பான்.

திருவொற்றியூரில், தேரடிக்கு அருகே ஒரு குறுகிய தெருவில், மின்பணியாளர் ஒருவர் வாழ்ந்துவருகிறார். பகலெல்லாம் அவர் ஆலையில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறார். இரவில், தாயார் உறங்கிய பிறகு, ஓர் ஏடு நடத்துகிறார். அஃது அச்சிட்ட ஏடு அன்று. இணையத்தில் 2011-ஆம் ஆண்டு அவர் தொடங்கிய சிற்றேடு. ஆசிரியர், படம் வரைபவர், பிழை திருத்துபவர், கணக்கர், ஏவலாள் எல்லாம் அவரே. வீட்டு மின்னிணைப்பில் எர்த் சரியாக உள்ளதா என்று அறிவது எப்படி, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எந்த நீர் ஊற்ற வேண்டும், கடல்நீர் பட்ட மின்சுற்றுப் பலகையை என்ன செய்வது என்பன போன்ற பாடங்கள் அதில் உள்ளன. இறுதியாகச் சொன்ன பாடம் அப்பகுதி மக்களுக்கு மிகவும் வேண்டியது. உப்புநீர் பட்ட பலகையை வெயிலில் காயவைத்தால் மட்டும் போதாது. தூய நீரால் கழுவிய பிறகே உலர்த்த வேண்டும். இல்லையேல் தங்கிய உப்பு செம்பை அரித்துப் பச்சையாக்கிவிடும். இதனை அவர் நூலில் கற்றதோடு, தம் வீட்டு வானொலிப் பெட்டி ஒன்றைப் பறிகொடுத்தும் கற்றார்.

அவருக்கு முன் தமிழில் இணைய ஏடு நடத்தியவர்கள் பட்ட தொல்லை ஒன்று அவருக்கு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையைப் பின்பற்றியது. ஒருவர் எழுதியது மற்றொருவரின் கணினியில் பொருளற்ற கோடுகளாகத் தோன்றும். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கு கண்டது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. ஆகவே, அவர் எழுதத் தொடங்கியபோது எழுத்து அவருக்கு அடங்கியது. சொல்தான் அடங்கவில்லை.

பள்ளிப் பாடநூல் ‘புவித்தொடுப்பு’ என்னும். தெருவில் அதனை ‘எர்த்’ என்பர். பாடநூற்சொல்லை எழுதினால், கையில் திருகுளியோடு படிப்பவர் தடுமாறுவார். தெருச்சொல்லையே எழுதினால், தமிழில் எழுதுவதன் பயன் என்ன என்று கேட்டு மடல் வரும். இரண்டு வகை மடலும் அவருக்கு வந்துள்ளன. ஒரே பாடத்திற்கே ஒரே வாரத்தில் வந்ததும் உண்டு. இறுதியில் தெருச்சொல்லை முன்னே வைத்து, பாடநூற்சொல்லை ஒருமுறை மட்டும் உடன் கூறுவது என்று அவர் முடிவு செய்தார். படிப்பவர் வேலையை முடித்து எழுவதே முதல் நோக்கம் என்று அவர் கருதினார். இக்கருத்தில் தவறில்லை. ஆயினும் இதனை அளவுக்கு மீறிக் கொண்டுசென்றதால் ஒருமுறை பெருந்துன்பம் நேர இருந்தது.

பிற தொல்லைகள் எல்லாச் சிற்றேடுகளுக்கும் பொதுவானவை. தளத்தின் பெயருக்கும் இடத்திற்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். விளம்பரம் வாங்கினால் அச்செலவு தீரும். ஆனால், மலிவான மின்கம்பி விற்பவரின் விளம்பரத்தை ஏற்றுக்கொண்டு, மலிவான கம்பி தீப்பிடிக்கும் என்று அதன் அருகிலேயே எப்படி எழுதுவது? அவர் விளம்பரம் வாங்கவில்லை. அது அறமா, அச்சமா என்று துணிந்து கூற இயலாது; இரண்டும் கலந்திருக்கலாம். அவர் பாடங்களைச் சிலர் அப்படியே படியெடுத்துத் தம் பெயரில் வெளியிட்டதும் உண்டு.

இவற்றினும் அவரை வாட்டியது பழைய பாடங்களின் சுமையே. சமையற்குறிப்பு எழுதியவர் அதனை மறந்துவிடலாம். பத்தாண்டு கழித்தும் அந்தக் குழம்பு கொதிக்கும். கைப்பேசியைப் பற்றி எழுதியவருக்கு அந்த நிம்மதி இல்லை. ‘மேலே வலப்புறம் உள்ள பொத்தானை அழுத்துக’ என்று எழுதிய ஆறே திங்களில் அந்தப் பொத்தான் கீழே இடப்புறம் போய்விடும். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, பக்கங்களின் முகவரிகள் மாறலாகாது என்று 1998-இல் வலியுறுத்தி எழுதினார். முகவரியை மாற்றாமல் வைத்திருப்பது எளிது. அங்கே தேடி வருபவருக்கு உண்மை கிடைக்கச் செய்வதுதான் கடினம்.

காசிமேட்டு விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். கருவி இன்று திசைகாட்டியைப்போலப் பழகிய பொருள். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் திரளக்கூடிய இடங்களை அறிவிக்கும்போது அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் தருகிறது. அவ்வாறான எண்களைக் கைப்பேசியின் நிலப்படத்தில் குறிப்பது எப்படி என்று படகோட்டிகள் சிலர் கேட்டனர். அவர் ஒரு பாடம் எழுதினார்.

இங்கேதான் சொல் மீண்டும் குறுக்கிட்டது. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் ஒரு கலை. ‘கலை’ என்னும் சொல்லை அப்பொருளில் துறைமுகத்தில் ஒருவரும் அறியார். ‘மினிட்’ என்று எழுதினாலோ, அது நேரத்தைக் குறிக்கிறதா என்று ஐயுறுவர். எதற்கு இந்தக் குழப்பம் என்று எண்ணி, அவர் இரண்டு சொற்களையும் நீக்கினார். கருவியில் தெரியும் இரண்டு எண்களுக்கும் இடையே ஒரு புள்ளி வைத்து எழுதினால் போதும் என்று கூறி, பாடத்தை முடித்தார். பாடம் எளிமையாக இருக்கிறது என்று பலர் பாராட்டினர்.

எளிமையாகத்தான் இருந்தது, ஆனால் தவறாக இருந்தது. படகிலுள்ள கருவி பெரும்பாலும் பாகையையும் கலையையும் தனித்தனியே காட்டும். கைப்பேசியின் நிலப்படமோ, புள்ளிக்குப் பின்வரும் எண்ணைப் பாகையின் பதின்மப் பகுதியாகக் கொள்ளும். 13 பாகை 10 கலை வேறு, 13.10 பாகை வேறு. பின்னதற்கு 13 பாகை 6 கலை என்பதே பொருள். அட்சரேகையில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். பத்தை அறுபதால் வகுத்து 13.1667 என்று எழுதியிருந்தால் தவறு நேர்ந்திராது. அவ்வகுத்தலைத்தான் அவர் எளிமையின் பொருட்டு விட்டுவிட்டார்.

2019-ஆம் ஆண்டு மாசித் திங்களில் ஓர் இரவு, ஐந்து பேரோடு சென்ற விசைப்படகு ஒன்றின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. படகிலிருந்தோர் வயர்லெஸ் வழியாகத் தம் இடத்தைக் கூறினர்: “பதின்மூன்று பத்து, எண்பது முப்பத்திரண்டு.” கரையில் இருந்த உரிமையாளரின் மகன், தான் படித்த பாடத்தின்படியே கைப்பேசியில் 13.10, 80.32 என்று குறித்தான். நிலப்படம் சென்னைத் துறைமுகத்தின் வெளிச்சுவருக்குச் சற்றுக் கிழக்கே ஓர் இடத்தைக் காட்டியது. ‘கரைக்கு இவ்வளவு அருகிலா!’ என்று எல்லோரும் மகிழ்ந்தனர். உதவிக்குச் சென்ற படகு அங்கே இரண்டு மணி நேரம் இருளில் சுற்றியது. நின்றுபோன படகு உண்மையில் அவ்விடத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 13 கடல் மைல், அதாவது 24 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. இறுதியில் உதவிப் படகின் மூத்த ஓட்டுநர் எண்களை மீண்டும் கேட்டு, “இந்தப் புள்ளியை யார் வைத்தது?” என்றார்.

விடியலில் படகைக் கண்டனர். ஐவருக்கும் தீங்கு இல்லை. ஐஸ் கரைந்து மீன் மட்டும் கெட்டது. மாசிக் கடல் அடங்கியிருந்தது அவர்களின் நற்பேறு. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ இது நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் காசிமேட்டில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அப்படகின் உரிமையாளர் விசாரித்துக்கொண்டு தேரடித் தெருவுக்கு வந்தார். அவர் சினத்தோடு வரவில்லை. அதுவே மின்பணியாளருக்குத் துன்பமாக இருந்தது.

“தம்பி, உன் பாடத்தைப் பார்த்துத்தான் என் பிள்ளை புள்ளி வைத்தான். அதில் ஏதோ பிசகு இருக்கிறது. கொஞ்சம் பார்” என்றார் அவர்.

“அண்ணா, பிசகு அதில் இல்லை, என்னிடம் இருக்கிறது” என்றார் மின்பணியாளர்.

வந்தவர் தேநீர் அருந்திவிட்டுப் போனார். அன்றிரவு ஏட்டின் ஆசிரியருக்கு உறக்கம் இல்லை. அந்தப் பாடத்தை அழித்துவிடலாம். அழித்தால், முன்பே படித்து மனத்தில் பதித்தவர்களுக்கு உண்மை எட்டாது. பிழையான வரியை மட்டும் ஓசையின்றி மாற்றிவிடலாம். அப்போது பக்கம் தூய்மையாகிவிடும், ஏட்டின் பெயரும் கெடாது. ஆனால், பழைய வரியை நினைவில் வைத்திருப்பவன் புதிய வரியைக் கண்டு, தன் நினைவையே ஐயுறுவான். பெரிய பத்திரிகையில் இதற்கென ஆசிரியர் குழு இருக்கும். தனியொருவர் நடத்தும் ஏட்டில் குற்றம் செய்தவரும் நடுவரும் ஒருவரே.

அவ்வாரம் இராயபுரத்தில் முதியவர் ஒருவரின் வீட்டு மின்விசிறியைப் பழுதுபார்க்க அவர் சென்றார். அம்முதியவர் கப்பல்களின் கடற்படங்களைப் பேணும் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட கடற்படம் ஒன்று அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதில் ஆங்காங்கே ஊதா மையால் கையெழுத்துக் குறிகள் இருந்தன; கீழே இடப்பக்க மூலையில் ஆண்டுகளும் எண்களும் வரிசையாகக் காணப்பட்டன. இவை யாவை என்று மின்பணியாளர் கேட்டார்.

முதியவர் விளக்கினார். கடலடியில் மணல் திட்டு வளரலாம். கலங்கரை விளக்கின் ஒளி முறை மாறலாம். எங்கோ ஒரு கப்பல் மூழ்கிப் புதிய இடர் தோன்றலாம். அவற்றையெல்லாம் டேராடூனிலுள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் இரு வாரத்திற்கு ஒருமுறை ‘மாலுமிகளுக்கான அறிவிப்பு’ என்று வெளியிடுகிறது. பிரிட்டிஷ் கடற்படைத் துறை இவ்வாறான அறிவிப்புகளை 1834 முதலே வெளியிட்டு வருகிறது. கப்பலில் இருப்பவர் அதனைப் படித்துத் தம் படத்தில் கையால் திருத்தி, அறிவிப்பின் எண்ணை மூலையில் குறிக்க வேண்டும்.

“சுரண்டி அழிக்கக் கூடாது, தம்பி, குறுக்கே கோடிட வேண்டும். முன்பு என்ன இருந்தது என்பதும் தெரிய வேண்டும்; எப்போது மாறியது என்பதும் தெரிய வேண்டும். மூலையில் எண்ணே இல்லாத படத்தைக் கண்டால் எங்களுக்குப் பயம் வந்துவிடும்” என்றார் முதியவர்.

மின்பணியாளர் விசிறியை ஓடச்செய்துவிட்டு, கூலி பெறாமல் திரும்பினார். அன்றிரவே பாடத்தின் தலைப்பில் ஊதா நிறத்தில் ஒரு கட்டம் இட்டார். பிழையான வரி குறுக்குக் கோட்டோடு அங்கேயே நின்றது. அதன்கீழ்த் திருத்தமும், நாளும், பிழையால் நேர்ந்ததும் இடம்பெற்றன. கருவி காட்டும் மூன்று முறைகளும், அறுபதால் வகுக்கும் வழியும் எடுத்துக்காட்டோடு விளக்கப்பட்டன. ‘கலை’ என்னும் சொல் திரும்பி வந்தது. அருகே ‘மினிட்’ என்பதும் இருந்தது. ஆபத்தில் அழைக்க வேண்டிய கடலோரக் காவற்படையின் 1554 என்னும் எண்ணும் சேர்ந்தது.

பிறகு அவர் பழைய பாடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினார். புதிய பாடம் எழுதும் வேலை ஏறத்தாழ ஓராண்டு நின்றுபோயிற்று; படிப்பவர் தொகையும் குறைந்தது. “பக்கம் முழுதும் ஊதாக் கட்டமாக இருக்கிறதே, ஒன்றும் தெரியாமலா இத்தனை நாள் எழுதினீர்?” என்று ஒருவர் மடல் அனுப்பினார். அதற்கு என்ன விடை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மடலுக்கு மட்டும் இன்றுவரை விடை செல்லவில்லை.

தீராத இடர் ஒன்று இருந்தது. அவருடைய பழைய பாடத்தைப் படியெடுத்து வெளியிட்டிருந்த வேறொரு தளத்தில் அந்தப் புள்ளி அப்படியே இருந்தது. திருத்துமாறு அவர் பலமுறை எழுதினார், பதில் இல்லை. படியெடுத்தது அவர்கள் குற்றம். எனினும் புள்ளி அவருடையது. ஆகவே, திருத்தத்தைப் பெரிய எழுத்தில் தாளில் அச்சிட்டு, காசிமேட்டு ஐஸ் கடை ஒன்றின் சுவரில் ஒட்டினார். கடைக்காரர் தடை சொல்லவில்லை. ஈரத்தில் அது நிலைக்காது என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னபடியே நான்கைந்து வாரத்தில் தாள் ஊறிக் கிழிந்துவிட்டது. அதன்பின் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், படகுகள் கரைசேரும் நேரம் பார்த்து, புதிய தாளும் பசையும் எடுத்துக்கொண்டு அவர் திருவொற்றியூரிலிருந்து புறப்படுகிறார்.