வூஃபரும் ட்வீட்டரும்

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "சுவாமி, டெலிவிஷன் திருப்பலியில் சத்தம் கேட்கிறது, வார்த்தை விளங்கவில்லை" என்பார்கள். முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் ஆற்றலே. ச, ட, த போன்ற ஒலிகளின் தெளிவு பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் அமைந்துள்ளது. சாதாரண ஸ்பீக்கர் பெட்டியில் வூஃபர் ஓய்ந்து ட்வீட்டர் பொறுப்பேற்கும் இடமும் ஏறத்தாழ அங்கேதான், 2,000 முதல் 3,000 வரை. ஆகவே அந்தக் கைமாற்றம் செம்மையாக நடக்கவேண்டியது அவசியம்.

கைமாற்றுவது கிராஸ்ஓவர். வழக்கமாக அது கம்பிச்சுருளும் கண்டென்சரும் கொண்ட சிறு பலகையாக, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால், பெட்டிக்குள் இருக்கும். இதைப் பாஸிவ் என்பர். ஆம்ப்ளிஃபயர் தரும் சக்தியில் ஒரு பகுதி இதிலேயே சூடாகி வீணாகும்.

எம் பங்கில் ஒரு வீட்டில் இதன் பொருட்டுத் தந்தைக்கும் மகனுக்கும் பேச்சே நின்றுபோயிற்று. பாட்டியம்மாள் படுக்கையில். அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று, பெட்டிக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயர் பூட்ட மகன் விரும்பினான்; தந்தையோ கடன் வாங்க மறுத்தார். நான் தந்தை பக்கம் நின்றேன். உள்ளே பாஸிவ் பலகை இருக்கும்வரை பிரிக்கும் வேலையை அதுவே செய்யும். இரண்டாம் ஆம்ப்ளிஃபயரால் பணம் போகுமேயன்றிக் காதுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. பின்புற முனைகளை இணைக்கும் உலோகத் தகட்டைக் கழற்ற மறந்தால் ஆம்ப்ளிஃபயர்களே கருகிவிடக்கூடும்.

ஆக்டிவ் முறை வேறு. அதில் ஒலி ஆம்ப்ளிஃபயரை அடையுமுன்பே, மெல்லிய மின்குறியாக உள்ளபோதே பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரும் வூஃபரையோ ட்வீட்டரையோ நேரே ஆள்கிறது. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1976-ல் எழுதிய கட்டுரையில் விளக்கிய பிரிப்பு, அவர் பெயரோடு ரைலி என்ற தோழரின் பெயரையும் தாங்கி இன்றும் வழங்குகிறது. (தோழருக்கும் பங்கு கொடுத்தது எனக்குப் பிடித்த செய்தி!) உண்மையான பயன் இம்முறையில்தான்.

முதலில் செலவில்லாததைச் செய்யச் சொன்னேன். ட்வீட்டரின் ஒலி நேர்முன்னே பாய்வது. எனவே அலமாரிக்கு மேலிருந்த பெட்டிகளை இறக்கி, பாட்டியம்மாளின் காது மட்டத்தில், கட்டிலை நோக்கித் திருப்பினோம். முதல் வாசகம் விளங்கியது என்றார்கள். பிரசங்கம் நீளம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

மகன் இப்போது ஆக்டிவ் முறைக்குத் தன் சம்பளத்திலிருந்தே சேர்க்கிறான். தந்தையும் தடை சொல்லவில்லை. பழைய பலகையின் கண்டென்சர் ட்வீட்டருக்குக் காவலாகவும் இருந்தது. அதை நீக்கியபின் ஒரு கம்பி மாறினாலும் ட்வீட்டர் நொடியில் கருகும். ஆதலால் ட்வீட்டரோடு தொடராகப் பொருத்தமான கண்டென்சர் ஒன்றைக் கட்டிவிட்டே சுவிட்சைப் போடும்படி சொல்லியிருக்கிறேன்.