மனசைப் பற்றிக் கேட்கிறார்கள்

"முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன், கையைக் காலை அசைக்க முடியல. நெஞ்சுமேல யாரோ ஏறி உட்கார்ந்திருக்காங்க. செஞ்சு வச்சிட்டாங்களாண்ணே?"

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மனசைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் வருகிறது. இதை நம்மவர்கள் அமுக்குவான் என்பார்கள். மலாய்க்காரரும் சீனரும்கூடப் பேய் அழுத்துவதாகவே சொல்வார்கள். 1801இல் எழுந்த பள்ளிவாசலும் குவான் யின் கோயிலும் மாரியம்மன் கோயிலும் நடை தூரத்தில் இருக்கும் இடம் இது. சாமிகள் வேறு, அமுக்குவது ஒன்றுதான்.

கனவு காணும் உறக்கத்தில் மூளை கைகால் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. இல்லையென்றால் கனவில் ஓடுகிறவர் எழுந்தே ஓடிவிடுவார். அந்தத் தளர்ச்சி விலகும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். கொஞ்ச நேரத்தில் தானே விடும். மல்லாந்து படுப்பதும் தூக்கம் கெடுவதும் இதைக் கூட்டும். அதனால் நான் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி, நைட் ஷிஃப்டா?" 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இராப்பகலாக ஓடுகிறது. பாதிப் பேருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

*

"தர்காவுக்குக் கூட்டிப் போகலாமா?"

போங்கள். மருந்தை நிறுத்தாமல் போங்கள். இந்தச் சாலையில் பலருக்குப் பூர்வீகம் இராமநாதபுரம். தர்கா இருக்கும் ஏர்வாடி அவர்களுக்குத் தெரியாத ஊரல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்தார்கள், ஓட முடியவில்லை. துஆ அவர்களைக் கொல்லவில்லை, சங்கிலி கொன்றது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் குரல் உயர்ந்துவிடுகிறது.

*

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்களா?"

1911இல் மனநல மருத்துவமனை திறந்த ஊர் அது. பள்ளிக்கூடத்தில் அந்த ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பயத்தில் ஆள் வருஷக்கணக்கில் யாரிடமும் காட்டாமல் இருந்துவிடுகிறார். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். தூக்கமில்லை, பசியில்லை என்று அங்கே சொன்னால் போதும், தேவைப்பட்டால் அவர்களே மேலே அனுப்புவார்கள்.

*

வாய்விட்டுக் கேட்கப்படாத ஒன்றும் உண்டு. தற்கொலைக்கு முயன்றால் குற்றம் என்ற 309ஆம் பிரிவை மலேசியா 2023இல்தான் நீக்கியது. அதே ஆண்டின் தேசிய ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, 2019இல் 2.3தான்.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேளுங்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தபடியே மனநல உதவி எண் 15555க்கு அழையுங்கள், உடனே ஆபத்தென்றால் 999.