வீட்டில் பீர் காய்ச்சினால் மிச்சமாகுமா? ஒரு கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் வேலை பார்க்கும் நம் மாணவன் போட்டது. சமையலறை மேடையில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி, பக்கத்தில் வரிசையாகப் பாட்டில்கள். வீட்டிலேயே பீர் தயாரிக்கிறானாம். "டீச்சர் இருக்கிற குரூப்புடா" என்று ஒருவன் எச்சரித்தான். அதற்குள் இங்கே ஓவர்லாக் தைக்கும் இன்னொருவன், "டீச்சர், இதை நம்மூர்ல செஞ்சா எவ்வளவு மிச்சமாகும்? நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டான்.

கிண்டலாகத்தான் கேட்டிருப்பான். ஆனால் கணக்கு என்று வந்தால் நான் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நான் குடித்ததில்லைதான். வட்டிக் கணக்கு சொல்லித்தர வட்டிக்கு விட்டிருக்க வேண்டுமா என்ன? இருவரிடமும் கேட்டுவிட்டே எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம்.

முதலில் லெஸ்டர் கணக்கு. அங்கே 25 பவுண்டுக்கு ஒரு கிட் வாங்குகிறான். அதில் 40 பைண்ட், அதாவது சுமார் 23 லிட்டர் வருகிறது. ஒரு பைண்ட் 63 பென்ஸ்தான். பப்பில் குடித்தால் நாலைந்து பவுண்டு. வாளி, பாட்டில், மூடி போடும் கருவிக்கெல்லாம் ஒருமுறை 60 பவுண்டு செலவு. இரண்டு வாரம் புளிக்க வேண்டும், பாட்டிலில் இன்னும் இரண்டு வாரம் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க உரிமமும் வேண்டாம், வரியும் இல்லை. விற்கத்தான் கூடாது. ஆக, அவன் கணக்கு சரி.

இப்போது திருப்பூர் கணக்கு. நம்மவன் சொன்னபடி, வாரத்துக்கு 4 பாட்டில், ஒன்று 180 ரூபாய். வாரம் 720, வருடம் 37,440. இந்த எண்ணை அவன் அதுவரை கூட்டிப் பார்த்ததே இல்லையாம். வீட்டில் தயாரித்தால் பாட்டில் 60 ரூபாய்தான் ஆகும் என்பது அவன் மதிப்பு. அப்படியானால் வருடம் 12,480 ரூபாய். மிச்சம் 24,960. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் விட்டுப்போன வரிகள் இருக்கின்றன.

ஒன்று, நம்மூர் வெயில். சித்திரையில் இரவு ஆட்டி வைத்த இட்லி மாவு காலையில் என்ன கதியாகிறது என்று வீட்டில் கேளுங்கள். பீர் ஈஸ்ட்டும் அதே போலத்தான். வழக்கமான ரகங்களுக்கு 20 டிகிரி அளவு குளிர்ச்சி வேண்டும். நம் வீட்டு அறைச் சூட்டில் வேகமாகப் பொங்கி, வாடையும் சுவையும் கெட்டுவிடும். அப்படியென்றால் தனியாக ஒரு பழைய ஃபிரிட்ஜ், கரண்ட் பில், வாளி, பாட்டில். 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவதுதான் முக்கியம். லெஸ்டர்க்காரனிடம் தனியாகக் கேட்டேன். "முன்னால வாரம் நாலு குடிப்பேன் டீச்சர். இப்ப வீட்டுலயே இருக்கறதால பத்து ஆகிப்போச்சு" என்றான். உண்மையைச் சொன்னான், சந்தோஷம். இங்கும் அப்படி ஆனால் வாரம் 10 பாட்டில், 600 ரூபாய். மிச்சம் வாரத்துக்கு 120, வருடத்துக்கு 6,240தான். 15,000 ரூபாய் முதலை எடுக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். வருடத்துக்கு 208 பாட்டில் குடித்தவன் 520 பாட்டில் குடித்திருப்பான்.

மூன்றாவது, சட்டம். கடைகள் திறந்திருந்தாலும் 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குத்தானே என்றாலும் விலக்கு இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-இல் தண்டனையைக் கடுமையாக்கியும் விட்டார்கள். ஆகவே யாரும் வாளி வாங்கிவிடாதீர்கள்.

கள்ளக்குறிச்சி என்றதும் குழுவில் ஒருத்தி பயந்து, "பீர் காய்ச்சினாலும் அப்படி விஷமாகுமா?" என்று கேட்டாள். இல்லை கண்ணு. அங்கே 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது சாராயத்தில் மெத்தனால் கலந்ததால். பார்லி புளித்து அவ்வளவு மெத்தனால் உண்டாகாது. பயப்படுவதையும் சரியான காரணத்துக்காகப் பயப்பட வேண்டும்.

"அங்க சரி, இங்க தப்பா? கடையில வாங்கற காசுல பாதிக்கு மேல வரியாத்தானே போகுது?" என்று நம்மவன் கேட்டான். டாஸ்மாக் மூலம் அரசுக்கு 2023-24-இல் 45,000 கோடிக்கு மேல் வருமானம் வந்திருக்கிறது. அவன் ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பல்லடம், உடுமலைப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் கள் இறக்க அனுமதி கேட்பதும் இதையொட்டித்தான். எல்லை தாண்டிப் பாலக்காடு போனால் கள்ளுக்கடை இருக்கிறதே. சட்டம் மாற வேண்டுமா என்பதைத் தனியாக விவாதிக்கலாம். ஆனால் சட்டம் மாறினாலும் மேலே போட்ட கணக்கு மாறாது.

அவனைப் போனில் கூப்பிட்டேன். "ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வந்தா கால் ரெண்டும் மரத்துப்போகுது டீச்சர். சனிக்கிழமை சம்பளக் கவரு வாங்கினா நேரா அங்கதான் போகத் தோணுது. பாப்பா டியூஷனுக்குத்தான் காசு எடுத்து வைக்க முடியல" என்றான். அவன் கேட்க வந்தது பீரைப் பற்றி அல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால் இன்னொரு கணக்கும் போட்டுக் கொடுத்தேன். நாலை இரண்டாகக் குறைத்தால் வருடம் 18,720 மிச்சம். வாளி வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம், போலீஸ் பயம் வேண்டாம். வீட்டில் காய்ச்சி மிச்சமாகும் 6,240-ஐப் போல சரியாக மூன்று மடங்கு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரிங்க டீச்சர், பாக்கறேன்" என்றான்.

என் அண்ணனும் பனியன் கம்பெனியில்தான் இருந்தார். சனிக்கிழமை இரவுகளில் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன், மாதக்கணக்கில் பேசாமலும் இருந்திருக்கிறேன். ஒருநாள்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து இப்படி ஒரு தாளில் எழுதிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் கேட்டிருப்பாரா தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டார்.

குறைக்கவே முடியாதவர்களும் உங்களில் இருக்கலாம். அது கணக்கில் தீராது, டாக்டரிடம் போக வேண்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் திடீரென்று தாமாக நிறுத்துவது உடம்புக்கு ஆபத்து. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓவர்லாக்காரனுக்கு ஒன்று: சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா சாமி. கணக்கு டியூஷனை நானே எடுக்கிறேன். காசு வேண்டாம். பணியாரம் சுட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்